இராவணன் கரையிலிருந்து இரண்டு விண்வெளிப் படங்கள்

(புத்தளம் மாவட்டம், உடப்பில் திரைப்பட மாலையொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



யப்பானிய விண்வெளிப் படம் ஒன்றைப் பற்றிப் பேசும்படிதான் என்னைக் கேட்டார்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் அந்தப் படம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுக்கு முன்பே எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். அவரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு யப்பான்காரரை முதலில் உள்ளே கூப்பிட்டால் இந்த ஊரில் யாரும் பொறுக்கமாட்டார்கள். அவர் பிறந்ததும் நம் நாவலப்பிட்டியில்தானே. அந்தக் கணக்கில் பார்த்தால், திரையிலாவது, விண்வெளிக்குப் போன முதல் இலங்கையர் அவர்தான்.

படத்தின் பெயர் ‘கலை அரசி’. 1963 ஏப்ரல் 19ஆம் திகதி வெளியானது. அந்தத் திகதியைக் கொஞ்சம் கவனியுங்கள். யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்து அப்போது இரண்டு ஆண்டும் ஒரு வாரமும்தான். அதே ககாரின் 1961 டிசம்பரில் இலங்கைக்கே வந்து போனார். மனிதன் சந்திரனில் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தும்பா என்று ஒரு மீனவக் கிராமம். அங்கிருந்த குடும்பங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்க, மகதலா மரியாள் தேவாலயத்தையே வேலைத்தலமாக்கி, அமெரிக்காவிலிருந்து வந்த ரொக்கெட் ஒன்றை இந்தியா முதன்முதலாக மேலே அனுப்பியது 1963 நவம்பர் 21இல். ஆகவே இந்திய மண்ணிலிருந்து நிஜ ரொக்கெட் கிளம்புவதற்கு ஏழு மாதம் முன்பே கோடம்பாக்கத்து ரொக்கெட் கிளம்பிவிட்டது.

கதையைச் சொல்கிறேன். எங்கேயோ ஒரு கிரகம். அங்கே விஞ்ஞானம் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் பாட்டில்லை, ஆட்டமில்லை. இந்தக் குறையைத் தீர்க்கப் பூமியிலிருந்து சிறந்த கலைஞர் ஒருவரைக் கொண்டுவருவது என்று முடிவாகிறது. அந்த வேலைக்கு அவர்கள் அனுப்பும் ஆள் எம்.என்.நம்பியார். நம்பியாரை எந்தக் கிரகத்திலிருந்து அனுப்பினாலும் அவர் நல்லதுக்கு வரமாட்டார் என்பது நமக்குத் தெரியும். வந்தவர் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். பானுமதியின் காதலர் மோகன் ஒரு விவசாயி. அவர்தான் எம்.ஜி.ஆர். பின்னால் போய் மீட்டுக்கொண்டு வருகிறார்.

வானத்தில் ஓடும் ஊர்தி, பெண்ணைத் தூக்கிப் போகிறவன், மீட்கப் போகிறவன். இந்தக் கதையை நாம் எங்கே கேட்டோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாம் எந்த இடத்தில் இருந்துகொண்டு கேட்கிறோம் என்பதைத்தான் சொல்லவேண்டும். இது தூக்கிக்கொண்டு வந்து வைத்த தீவு. இங்கிருந்து சிலாபம் பக்கம் இறங்கினால், இராமர் மணலால் இலிங்கம் பிடித்து வைத்தார் என்று சொல்லும் மானாவரி வரும். அதைத் தாண்டினால், இராவணனைக் கொன்ற தோஷம் நீங்க அவர் வழிபட்டார் என்று சொல்லும் முன்னேஸ்வரம். இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு ‘கலை அரசி’ பார்க்கிறவர்களுக்கு, தூக்கிக்கொண்டு போனவர் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் விசாரிக்கும் உரிமை இருக்கிறது.

விசாரித்தால் என்ன தெரிகிறது? இராவணன் வீணைக்காரன். சாமகானம் பாடிச் சிவனையே இளகவைத்தவன் என்பார்கள். சீதையைத் தூக்கியவனிடம் சங்கீதம் இருந்தது. பானுமதியைத் தூக்கியவர்களிடம் அதுதான் இல்லை. பழைய கதையை எடுத்து, அதன் நடுவிலே இருந்த ஓர் ஆணியை மட்டும் பிடுங்கி வேறிடத்தில் அடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் உலகச் சினிமாவில் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்தது நிலத்துக்காக, தண்ணீருக்காக, பெண்ணுக்காக, அல்லது ஒரு காரணமும் இல்லாமல் எரித்துவிட்டுப் போவதற்காக. தமிழ்ப் படத்திலோ அவர்கள் பாட்டு வாத்தியார் தேடி வந்தார்கள். இதைவிட அழகான ஒரு படையெடுப்பை நான் பார்த்ததில்லை. சுதந்திரம் கிடைத்துப் பதினாறு ஆண்டு நிரம்பாத ஒரு நாட்டின் வீறாப்பும் அதற்குள் இருக்கிறது: உங்களிடம் இயந்திரம் இருக்கலாம் ஐயா, பாட்டுக்கு எங்களிடம்தான் வரவேண்டும்.

தூக்கிக்கொண்டு போக அவர்கள் தேர்ந்த ஆளும் சரியான ஆள். பானுமதி தன் பாட்டைத் தானே பாடுகிற நடிகை. 1953இல் ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் இயக்கியவர். ஸ்டூடியோ நடத்தியவர். அவரோடு நடிக்கும்போது பெரிய கதாநாயகர்களே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படிப்பட்டவரைச் சிறைபிடித்தால் யார் யாருக்குக் கைதி என்பது இரண்டாம் நாளே சந்தேகமாகிவிடும். படத்தில் அவர் மிரண்டு நிற்கும் காட்சிகளைவிட எரிச்சலோடு நிற்கும் காட்சிகள்தான் எனக்குப் பிடிக்கும்.

இனிக் குறை. தகரத்தையும் அட்டையையும் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். இந்த ஊரிலே, ஆடி மாதம் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் பாரதக் கதை நடந்து தீமிதிப்பில் முடிகிறது. வேடம் கட்டி வருகிறவரை நேற்று வாடியிலே வலை இழுக்கப் பார்த்தவர்கள்தான் நீங்கள். அதற்காக இவர் தருமர் இல்லை என்று யாரும் எழும்பிப் போவதில்லையே. அட்டைக் கிரீடம் ஒரு குறையே இல்லை. அதற்குள் இருக்கும் தலைக்கு ஏதாவது நடக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொரு வேடிக்கையும் நினைவுக்கு வருகிறது. 1952இல் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து ‘காடு’ என்று ஒரு படம் எடுத்தது. அதில் நம்மூர் யானைகளுக்குச் சடைமயிர் போர்த்தி, அழிந்துபோன மம்மூத் யானைகளாக நடக்கவிட்டார்கள். யானைகள் ஒத்துழைத்தன. கதைதான் ஒத்துழைக்கவில்லை.

‘கலை அரசி’யின் குறையும் அந்த வகைதான். பாட்டே கேட்டிராத ஒரு சனம் முதன்முதலாகப் பாட்டைக் கேட்கும்போது என்ன நடக்கும்? அழுவார்களா? பயப்படுவார்களா? காதுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று வைத்தியரிடம் ஓடுவார்களா? கணக்கும் கருவியும் மட்டுமே தெரிந்த ஒருவருக்குத் தாளம் பிடிபடும்போது, இது நமக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்குத்தானே என்று தோன்றாதா? இவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைத்தது படம்தான். திறந்துவிட்டு உள்ளே போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. நேரமெல்லாம் ஆள்மாறாட்டத்தில் போகிறது. பூமியில் பானுமதியைப் போலவே சித்தம் கலங்கிய இன்னொரு பானுமதி. மேலே போனால் எம்.ஜி.ஆரைப் போலவே ஒரு கோமாளி. கோடிக்கணக்கான மைல் தாண்டிப் போன இடத்திலும் நம் முகமே எதிரே வந்து நிற்குமென்றால், அவ்வளவு தூரம் போனதற்கு என்ன பலன்?

இதற்கு இயக்குநரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏ.காசிலிங்கம் 1950இல் எம்.ஜி.ஆரை வைத்து ‘மருதநாட்டு இளவரசி’ எடுத்தவர். கை பழகியது ராஜா ராணிக்கு. அதனால் புதுக் கிரகத்திலும் ஓர் இளவரசி, ஓர் அரண்மனைச் சூழ்ச்சி, ஒரு விதூஷகன். மருதநாட்டை அப்படியே தூக்கி வானத்தில் வைத்துவிட்டார். ஆனாலும் ஒரு விஷயத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வீரனாக மட்டுமே பார்த்துப் பழகிய எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்தில் கோமாளியின் வேடத்தில்தான் உலவ முடிகிறது. நம் கூத்தில் ராஜாவின் முன்னால் வாய்விட்டுப் பேசவும், அடுத்த கணமே சபையைப் பார்த்துத் திரும்பி ராஜாவைக் கிண்டலடிக்கவும் கட்டியக்காரன் ஒருவனுக்குத்தான் அனுமதி. எந்த உலகத்து வாசலிலும் அவனை யாரும் தடுப்பதில்லை. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அந்த இடத்தில் படம் நம் மேடையின் சொத்து ஒன்றை ஒழுங்காக வானத்துக்கு ஏற்றியிருக்கிறது.

சரி, யப்பானுக்குப் போவோம்.

யப்பான்காரருக்கும் இந்தப் பாடகிப் பைத்தியம் இருந்தது. 1956இல் தைஎய் நிறுவனம் ஒரு வண்ணப் படம் எடுத்தது. வேற்றுக்கிரகவாசிகள் அதில் நட்சத்திரமீன் வடிவம், உடம்பின் நடுவில் ஒற்றைக் கண். அந்த உருவத்தை வடிவமைத்தவர் தாரோ ஒகமோட்டோ என்ற பெரிய ஓவியர். அந்த வடிவத்தில் ஊருக்குள் வந்தால் சனம் கூச்சல் போட்டு ஓடுகிறது என்று கண்டதும், அவர்களில் ஒருவர் புகழ்பெற்ற மேடைக் கலைஞர் ஒருத்தியின் உருவத்தை எடுத்துக்கொள்கிறார். நம்முடைய ஆள் பாடகியையே தூக்கிப் போனார், அவர்களுடைய ஆள் பாடகியின் உருவத்தை மட்டும் எடுத்தார். சேதாரம் குறைவு.

இன்றைக்கு நாம் பார்க்கப் போகும் படம் அதற்குப் பிந்தியது. ‘விண்வெளியிலிருந்து ஒரு செய்தி’ என்று வைத்துக்கொள்ளலாம். 1978 ஏப்ரல் 29இல் வெளியானது, தோயெய் நிறுவனம், இயக்கம் கிஞ்சி புகாசாகு, 105 நிமிடம். அமெரிக்காவில் 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ வந்து பணத்தை அள்ளிக்கொண்டிருந்தது. அது யப்பானுக்கு வந்து சேர்ந்தது 1978 கோடையில். அதற்குள் நாம் ஒன்றை எடுத்து ஓட்டிவிட வேண்டும் என்று அவசரமாகச் செய்த படம் இது. அவசரம் படம் முழுக்கத் தெரியும். அதை நான் மறைக்கப் போவதில்லை.

கதைக்கு அவர்கள் எடுத்தது பழைய சரக்கு. கியோகுதெய் பக்கின் என்ற நாவலாசிரியர் 1814இல் தொடங்கி 1842 வரை இருபத்தெட்டு ஆண்டு எழுதிய பெருங்கதை ஒன்று இருக்கிறது. கடைசிக் காலத்தில் கண் பார்வை போய்விட, மருமகள் உட்கார்ந்து கேட்டு எழுதினாள். அதிலே ஓர் இளவரசியின் செபமாலையிலிருந்து எட்டு மணிகள் சிதறிப் போகின்றன. ஒவ்வொரு மணியிலும் ஒரு நற்குணத்தின் எழுத்து. அந்த மணிகளோடு எட்டு வீரர்கள் எங்கெங்கோ பிறந்து, ஒருவரையொருவர் தேடிச் சேருகிறார்கள். யப்பானியப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை, நமக்குப் பஞ்சபாண்டவர் மாதிரிப் பரிச்சயம். படத்தில் மணிக்குப் பதிலாக எட்டு விதைகள். பார்த்தால் அக்ரூட் கொட்டை போலவே இருக்கும். கவனாஸ் என்ற வெள்ளிமுகக் கூட்டம் ஜில்லூசியா என்ற கிரகத்தைப் பிடித்துவிட, அந்தச் சனத்தின் பெரியவர் எட்டு விதைகளை அண்டத்தில் வீசுகிறார்: போய் எட்டு வீரரைக் கூட்டி வாருங்கள் என்று.

விதை போய்ச் சேருகிற ஆட்களைப் பார்க்கவேண்டும். வேகப் பந்தயம் ஓடி வம்பு வாங்குகிற இரண்டு பொடியன்கள். கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிற ஒரு சூதாடி. பணக்கார வீட்டுத் துடுக்குப் பெண் ஒருத்தி. இராணுவத்தை விட்டு வந்து குடித்துக்கொண்டிருக்கும் ஜெனரல் ஒருவர். அவர் பெயர் கருடா, நடித்தவர் அமெரிக்கர் விக் மொரோ. தனக்கு விதை வந்ததை முதலில் யாரும் மதிப்பதில்லை. கொட்டை ஒன்று வந்து விழுந்தால் யார்தான் மதிப்பார்கள்? வீரர்கள் என்று தேடிப் போன விதைகள் உதவாக்கரைகளிடம் போய் விழுகின்றன. பாதியிலே நமக்குச் சந்தேகம் வரும், விதைக்கே கண் தெரியவில்லையோ என்று.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இயக்குநரின் வாழ்க்கையில் இருக்கிறது. புகாசாகு 1930இல் பிறந்தவர். யுத்தம் முடிகிற காலத்தில் பதினைந்து வயதுப் பையன். ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்குப் போட்டிருந்தார்கள். குண்டு விழுந்தபின், கூட வேலை செய்த பிள்ளைகளின் உடல்களை எடுத்துப் போடவேண்டிய நிலை வந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் சொன்ன வீரம், தியாகம் எல்லாவற்றின் மேலும் அவருக்கு அன்றைக்கே நம்பிக்கை போய்விட்டது. 1973இல் அவர் எடுத்த யகூசா படங்களில் கொள்கையுள்ள ரவுடி ஒருவனும் கிடையாது. 2000இல் ‘பட்டில் றோயல்’ எடுத்தார், பள்ளிப் பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவைக்கும் அரசாங்கத்தைப் பற்றி. அப்படிப்பட்ட மனிதரிடம் பிள்ளைகளுக்கான விண்வெளிப் படத்தைக் கொடுத்தால், அவர் பொறுக்கியெடுக்கும் வீரர்கள் இப்படித்தான் இருப்பார்கள்.

படத்தில் நான் மிகவும் விரும்பும் காட்சிக்குச் சண்டையோடு தொடர்பில்லை. ஜெனரல் கருடாவிடம் ஒரு ரோபோ இருந்தது. அது பழுதாகிச் செத்துப் போகிறது. ஜெனரல் அதைக் குப்பையில் போடவில்லை. ஒரு ரொக்கெட்டை எடுத்து, அதற்குள் அந்த ரோபோவை வைத்து, மரியாதையோடு விண்ணுக்கு ஏவி அடக்கம் செய்கிறார். அரசாங்க ரொக்கெட். மேலிடம் குதிக்கிறது: இயந்திரத்துக்கு இவ்வளவு செலவா என்று. அவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். யுத்தத்தில் நண்பர்களை முறையாகப் புதைக்கக்கூட முடியாத ஒருவர் எடுத்த காட்சி இது என்று தெரிந்து பார்த்தால், சிரிக்க வந்த வாய் கொஞ்சம் தயங்கும். பிறகு இரண்டாவது ரோபோ ஒன்று வருகிறது. எட்டு விதைகளில் ஒன்று அதற்கும் கிடைக்கிறது. இரும்புக்கும் ஒரு நற்குணம் உண்டென்று ஒத்துக்கொண்ட கதை.

அடுத்தது பாய்க்கப்பல். ஜில்லூசியாவின் இளவரசி எமரலிடா உதவி தேடிப் புறப்படுகிற கப்பலைப் பார்த்தால் உங்களுக்குத் திகைப்பாக இருக்கும். பழைய ஐரோப்பியக் கப்பலின் மரத்தட்டும் பாய்மரமும் விரித்த பாயும். நட்சத்திரங்களுக்கு நடுவே அது மிதந்து போகிறது. கற்பிட்டிப் பக்கம் காற்றுக்குப் பட்டம் பிடித்து அலைமேல் ஓடுகிற வெளிநாட்டாரைப் பார்த்துப் பழகிய நீங்கள் உடனே கேட்பீர்கள்: காற்றே இல்லாத இடத்தில் பாய் எதற்கு? நியாயமான கேள்வி. பதிலும் உண்டு. சூரிய ஒளி படும்போது ஒரு மெல்லிய அழுத்தம் பிறக்கிறது. மிகப் பெரிய, மிக இலேசான பாய் கட்டினால் அந்த அழுத்தமே தள்ளிக்கொண்டு போகும். 1956 முதல் நம் நாட்டில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் 1964இலேயே, அப்படிப்பட்ட பாய்களை வைத்து விண்வெளியில் படகோட்டப் போட்டி நடப்பதாக ஒரு கதை எழுதினார். 2010 மே 21இல் யப்பானிய விண்வெளி நிறுவனம் இக்காரோஸ் என்ற கலத்தை அனுப்பியது. பக்கத்துக்குப் பதினான்கு மீட்டர் வரும் சதுரப் பாய், தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சூரிய ஒளியில் ஓடி, அந்த டிசம்பரில் வெள்ளிக் கிரகத்தைத் தாண்டிப் போனது. படம் தீர்க்கதரிசனம் சொன்னது என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் அந்தப் பாயை விரித்தது வடிவுக்காக மட்டும்தான். வடிவாகவும் இருக்கிறது.

இன்னொரு வடிவும் உண்டு. கவனாஸ் அரசனின் தாய்க் கிழவியைப் பாருங்கள். சூழ்ச்சியெல்லாம் அவள் மூளை. நடித்தவர் எய்சே அமமோட்டோ என்ற ஆண் நடிகர். யப்பானின் கபுகி நாடக மேடையில் பெண் வேடம் ஆணுக்குத்தான். நம் கூத்திலும் அதுதான் வழக்கம். ஆகவே இந்தச் சபைக்கு அது புதுமையாக இராது. ஹொலிவூட்டிலே அந்தக் காலத்தில் அப்படிச் செய்திருந்தால் கொமடி என்று நினைத்திருப்பார்கள். இங்கே அது பயங்கரம்.

குறைகளுக்கு வருகிறேன். எட்டுப் பேர் என்று எடுத்துக்கொண்டால் எட்டுப் பேருக்கும் ஒரு மனசு வேண்டும். 105 நிமிடத்தில் அது நடக்கவில்லை. பாதிப் பேர் விதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதே வேலையாக இருக்கிறார்கள். பதினேழு வயது ஹிரோயுகி சனாடா அதிலே இருக்கிறார், துள்ளிக் குதித்துக்கொண்டு. அவரே 2024இல் ‘ஷோகன்’ தொடருக்கு எம்மி விருது வாங்கினார். ஆனால் இந்தப் படத்தில் அவருக்குக் கொடுத்த வேலை குதிப்பது மட்டுந்தான். இளவரசி எமரலிடாவாக வரும் எட்சுகோ ஷிஹோமி அடிதடிப் படங்களில் ஆண்களைப் புரட்டியெடுத்த வீராங்கனை. அவரைப் பிடித்து வெள்ளையுடுத்தி, தலையில் இலைமாலை வைத்து, கலங்கிய கண்ணோடு உட்காரவைத்துவிட்டார்கள். பானுமதியை மிரளவைத்த அதே தப்பு.

அதைவிடப் பெரிய குறை, நடுவிலே அவர்களுக்குத் தங்கள் கதை மேல் நம்பிக்கை போய்விடுவது. தெருவெல்லாம் ‘ஸ்டார் வோர்ஸ்’ பேச்சு. அதிலே ரோபோ இருக்கிறதாம், ஒடுக்கமான பாதைக்குள் கலம் பறக்கிறதாம், இதிலும் வை. கடைசிச் சண்டையில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து உலையைத் தகர்க்கப் பறக்கிறார்கள். வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. 1983இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ வரிசையின் மூன்றாவது படத்தில் கலம் உள்ளே புகுந்து உலையைத் தேடுவதைப் பார்க்கிறவர்களுக்கு, யார் யாரிடம் வாங்கினார்கள் என்று குழப்பம்கூட வரும். ஆனால் எட்டு விதை இருக்கிற கதைக்கு அந்தச் சுரங்கம் தேவையே இல்லை. ‘ஸ்டார் வோர்ஸ்’ எடுத்த லூக்காஸோ அந்த வரிசையின் முதல் படத்துக்கு அகிரா குரோசாவாவின் 1958ஆம் ஆண்டுப் படமொன்றிலிருந்து எடுத்ததை வெளிப்படையாக ஒத்துக்கொண்டவர். யப்பான் வீட்டு நெல்லை அமெரிக்கா வாங்கிக் குற்றி அரிசியாக்கி விற்க, யப்பான் தன் களஞ்சியத்தை மறந்து அந்த அரிசியை வாங்க நின்றது. களஞ்சியத்தில் பக்கினின் இருபத்தெட்டு ஆண்டு உழைப்பு கிடந்தது.

ஒன்று சொல்லாமல் விட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள். மின்மினிக் காட்சி. பணக்காரப் பெண்ணும் பொடியன்களும் விண்வெளி மின்மினிகளைப் பிடிக்கக் கலத்தை விட்டு வெளியே இறங்குகிறார்கள். முகத்துக்கு ஒரு மூச்சுக் கவசம், அவ்வளவுதான். மற்றபடி போட்ட உடுப்போடு, நம் பிள்ளைகள் கடலில் நீந்துவதுபோல, கையைக் காலை அடித்து அண்டத்தில் நீந்துகிறார்கள். விஞ்ஞான ஆசிரியர்கள் சபையில் இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். எனக்கு அந்தக் காட்சி பிழையென்று தெரியும், பிடிக்கவும் பிடிக்கும். சுரங்கச் சண்டையைப் போல அது யாரிடமும் இரவல் வாங்கியதில்லை. கோடை இரவில் மின்மினி பிடிக்கப் போவது யப்பானியப் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. ஊர் விளையாட்டை மேலே கொண்டு போயிருக்கிறார்கள்.

இராவணனை விட்டு வெகுதூரம் போய்விட்டேன் என்று நினைக்கவேண்டாம். 2019இல் அவன் நிஜமாகவே மேலே போனான். இலங்கையின் முதல் செய்மதிக்கு ‘இராவணா-1’ என்றுதான் பெயர். பக்கத்துக்குப் பத்துப் பதினொரு சென்ரிமீட்டர் வரும் ஒரு பெட்டி, எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். யப்பானில் கியூஷு தொழினுட்ப நிறுவனத்தில் வைத்து நம் நாட்டுப் பொறியியலாளர்கள் செய்தது. கூடவே நேபாளத்தின் பெட்டி ஒன்றும் யப்பானின் பெட்டி ஒன்றும். அமெரிக்காவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், அங்கே யப்பானியப் பகுதியான கீபோவிலிருந்து அந்த ஜூன் 17இல் வெளியே விட்டார்கள். புட்பக விமானத்துச் சொந்தக்காரனுக்கு யப்பான்காரர் வண்டி பிடித்துக் கொடுத்தார்கள் என்று அப்போது ஒருவர் பகிடியாகச் சொன்னார். சில காலம் சுற்றிவிட்டு அது எரிந்து போனது. வைத்த பெயரைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். எனக்கு அதிலே பிடித்தது, மேலே போகும்போதும் வீட்டுக் கதையிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான்.

பிந்திய தமிழ்ப் படங்களில் அதுதான் குறைந்து வருகிறது. 2018இல் ‘டிக் டிக் டிக்’ வந்தது. ஜெயம் ரவி, இயக்கம் சக்தி சௌந்தர்ராஜன். இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்றே விளம்பரம் செய்தார்கள். ‘கலை அரசி’யை அவ்வளவு சுலபமாக மறந்துவிட்டார்கள். கணினி வேலையெல்லாம் முந்தியதைவிட எவ்வளவோ மேல். ஆனால் விண்கல் விழப் போகிறது, அதை மேலேயே வைத்து உடைக்கவேண்டும் என்ற கதை ஹொலிவூட்டில் பலமுறை உடைத்த கல். அந்தக் கலத்துக்குள் தமிழ் பேசுகிறார்கள் என்பதைத் தவிர வீட்டிலிருந்து எதுவும் ஏறவில்லை. 2024 ஜனவரியில் வந்த ‘அயலான்’ கொஞ்சம் பரவாயில்லை. ஆர்.ரவிக்குமார் இயக்கம், சிவகார்த்திகேயன் கதாநாயகன். வேற்றுக்கிரகவாசி வந்து சேருவது ஒரு விவசாயியிடம். ‘கலை அரசி’யின் மோகனும் விவசாயிதான். அறுபத்தொரு ஆண்டு கழித்தும் தமிழ்நாட்டில் வேற்றுக்கிரகவாசிக்கு எதிரே வந்து நிற்கிற ஆள் வயலிலிருந்துதான் வருகிறார். ஆனால் அயலான் பாட்டுக் கேட்டு வரவில்லை, ஒரு கல்லைத் தேடி வருகிறான். எனக்கு அது ஏமாற்றம்.

யாராவது ‘கலை அரசி’யை மறுபடி எடுப்பதாக இருந்தால், ஆள்மாறாட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பாட்டே கேட்டிராத சனம் முதன்முதலாகப் பாட்டைக் கேட்கும் அந்த ஒரு காட்சியை எடுக்கட்டும். சினிமாவுக்கு ஆள் அகப்படாவிட்டால் மேடையிலாவது போடலாம். பாடகியைத் தூக்கிப் போகவேண்டும் என்றுகூட இல்லை. இந்தக் கரையில் விடியற்காலையில் கரைவலை இழுக்கும்போது முப்பது நாற்பது பேர் சேர்ந்து அம்பா பாடுகிறார்களே, அதற்கு நடுவிலே ஒரு கலம் வந்து இறங்கட்டும். விஞ்ஞானத்தில் கரைகண்ட அந்தப் பெரிய மனிதர்கள் கேட்கட்டும்: கப்பியும் இயந்திரமும் வைத்தால் நாலு பேர் போதுமே, இத்தனை பேர் ஏன் கத்துகிறீர்கள்? சம்மாட்டி என்ன பதில் சொல்வார் என்பதை எழுத என்னைவிட உங்களுக்குத்தான் தகுதி இருக்கிறது. நம்பியார் மாதிரி ஓர் ஆளும் வேண்டும், அதற்கு இந்த ஊரில் பஞ்சமிராது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், திரையும் கட்டியாகிவிட்டது. கேள்வி இருந்தால் படம் முடிந்தபின் கேளுங்கள். மின்மினி பிடிக்கப் போனவர்களுக்குக் குளிரவில்லையா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் பதிலில்லை, புகாசாகுவிடமும் இருந்திருக்காது.